காகிதமும் கந்தகமும் – 23: விடை கொடுக்காத ஊர்

லண்டனில் ‘லயன்’ என்ற சிறுவர் வார இதழ் 1974 மே மாதம் நின்றுபோனது. சிவகாசியில் ‘லயன்’ என்ற காமிக்ஸ் இதழ் 1984 ஜூலையில் பிறந்தது. இந்த இரண்டு சிங்கங்களிடமும் வேலை பார்த்தவன் ஒரே இயந்திர மனிதன். அங்கே அவன் பெயர் ரோபோ ஆர்ச்சி. இங்கே ‘இரும்பு மனிதன் ஆர்ச்சி’. தமிழ் வாசகர்கள் செல்லமாக வைத்த பெயர் ‘சட்டித்தலையன்’. சொந்த ஊரில் அவன் கணக்கு முடித்து அனுப்பப்பட்ட பிறகுதான் சிவகாசியில் வேலைக்குச் சேர்ந்தான் என்பதே இந்த அத்தியாயத்தின் கதை.

1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்ததை முன்பே பார்த்தோம். தீப்பெட்டி வந்ததால் லேபிள் வேண்டியிருந்தது, லேபிளுக்காக அச்சகம் வந்தது. பிறகு பட்டாசு வந்தது. அது தீப்பெட்டியைவிடப் பெரிய லேபிளையும் கூடுதல் வண்ணத்தையும் கேட்டது. லேபிளுக்கு வாங்கிய இயந்திரம் சும்மா நிற்கக் கூடாதென்று காலண்டர், டைரி, நோட்டு அட்டை என்று வேலை தேடிப் போனார்கள். அப்படித் தேடிப் போனதில் 1972-ல் பிறந்ததுதான் முத்து காமிக்ஸ். தொடங்கியவர் மு. சௌந்திரபாண்டியன். ஆரம்ப காலத்தில் ஆசிரியப் பணியில் உடன் இருந்தவர் முல்லை தங்கராசன். முதல் இதழின் பெயர் ‘இரும்புக்கை மாயாவி’.

இன்றைக்கு அறுபதைத் தொடும் தமிழர் ஒருவரிடம் ‘நீங்கள் முதலில் படித்த விஞ்ஞானக் கதை எது?’ என்று கேட்டால் சுஜாதா பெயரைச் சொல்லத் தொடங்குவார். கொஞ்சம் யோசிக்க விட்டால் மாயாவிக்கு வந்து சேருவார். விஞ்ஞானம் என்ற சொல்லோடு ஒரு கதை அந்தத் தலைமுறையின் கைக்கு வந்தது பெரும்பாலும் அந்தச் சின்னப் புத்தகத்தின் வழியாகத்தான்.

மாயாவியின் கதையை அறியாத இளையவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். லூயிஸ் கிராண்டேல் என்பவன் பேராசிரியர் பாரிங்கரின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளன். முன்பே ஒரு விபத்தில் வலது கையை இழந்து எஃகுக் கை பொருத்திக்கொண்டவன். ஆய்வுக்கூடத்தில் நேர்ந்த வெடிப்பில் அவன் உடலில் மின்சாரம் பாய்கிறது. உடம்பு மறைந்துவிடுகிறது, எஃகுக் கை மட்டும் அந்தரத்தில் தெரிகிறது. கொஞ்ச நேரத்தில் உடம்பு திரும்பிவிடும். மறுபடி மறைய வேண்டுமானால் மறுபடி மின்சாரத்தைத் தொட வேண்டும். தொடக்கத்தில் அவன் நல்லவனே இல்லை. மறைந்து போய்க் கொள்ளையடிக்கிறான், ஊரை மிரட்டுகிறான். பிறகுதான் மனம் மாறி ‘நிழற்படை’ என்ற உளவுப் பிரிவில் சேர்கிறான். பிரிட்டனில் ‘வேலியன்ட்’ இதழில் 1962 அக்டோபரில் இது தொடங்கியது. எழுதியவர் கென்னத் பல்மர், அவருக்குப் பின் டாம் டல்லி. வரைந்தவர் ஸ்பெயின் நாட்டின் ஹெசூஸ் பிளாஸ்கோ. நிழலையும் வெளிச்சத்தையும் அவர் கையாண்ட விதத்துக்காகவே அந்தப் பக்கங்களை இன்றும் எடுத்துப் பார்க்கலாம். ஆனால் அன்றைய பிரிட்டிஷ் சிறுவர் இதழ்களில் எழுதியவர் பெயரும் வரைந்தவர் பெயரும் போடும் பழக்கம் கிடையாது. அங்கேயே தெரியாத பெயர்கள் சிவகாசியில் எப்படித் தெரியும்?

மின்சார பிளக்கில் விரலை வைத்தால் மாயமாகலாம் என்று சொல்லும் கதையைப் பையன்கள் கையில் கொடுத்துவிட்டுப் பெற்றோர் எப்படித் தூங்கினார்கள் என்று எனக்கு இன்றும் புரியவில்லை.

இனி இந்தத் தொடர்கள் முடிந்த விதம். தொலைக்காட்சித் தொடருக்குப் பண்டிகை நாளில் விடை கொடுப்பது பிரிட்டனில் பின்னாளில் ஒரு சடங்காகவே இருந்தது. 1963 நவம்பரில் தொடங்கிய ‘டாக்டர் ஹூ’ என்ற விஞ்ஞானத் தொடர்தான் அதற்குப் பெரிய உதாரணம். நாயகன் காலத்தில் பயணம் செய்பவன். சாகும் தறுவாயில் வேறு உருவம் எடுத்துக்கொள்வான், அதாவது நடிகர் மாறுவார். டேவிட் டென்னன்ட் 2010 புத்தாண்டு நாளிலும், மேட் ஸ்மித் 2013 கிறிஸ்துமஸ் நாளிலும், பீட்டர் கபால்டி 2017 கிறிஸ்துமஸ் நாளிலும் விடைபெற்றார்கள். ஊரே வீட்டில் உட்கார்ந்திருக்கும் நாளில், விருந்து முடிந்த கையோடு, குடும்பமாகக் கூடி அழுதுவிட்டு எழுந்து போகும்படி அந்தச் சிறப்பு அத்தியாயங்கள் எழுதப்பட்டன.

காமிக்ஸ் நாயகர்களுக்கு அந்தக் கொடுப்பினை வாய்க்கவில்லை. ஆர்ச்சி 1952 பிப்ரவரியில் ‘லயன்’ முதல் இதழிலேயே வந்தவன். எழுதியவர் டெட் கெவன், நீண்ட காலம் வரைந்தவர் டெட் கியரன். இடையில் சில வருடம் காணாமல் போய்த் திரும்பியவன், பிறகு இதழின் கடைசி வரை அதைத் தூக்கி நிறுத்தினான். 1960-களின் பிற்பாதியில் சதுரங்கக் கோட்டைக் காய் வடிவத்தில் அவனுக்கு ஒரு கால எந்திரம் கிடைத்தது. டாக்டர் ஹூவின் நீலப் போலீஸ் பெட்டி தொலைக்காட்சியில் வெற்றி பெற்றிருந்த நேரம் அது. தமிழில் படித்தவர்களுக்கு ‘கோட்டை’ என்றால் போதும். கூட்டாளிகள் விக்டரும் தாம்சனும் ஏறிக்கொள்ள, ஆர்ச்சி பெருமையடித்துக்கொண்டே கிளம்ப, அது எந்த நூற்றாண்டில் இறங்குமென்று யாருக்கும் தெரியாது.

1974-ல் விற்பனை சரிந்து ‘லயன்’ இதழை ‘வேலியன்ட்’டோடு இணைத்தார்கள். 1976 அக்டோபரில் அந்த ‘வேலியன்ட்’டும் ‘பேட்டில்’ என்ற போர்க்கதை இதழில் கரைந்தது. இணைப்பு என்று பெயர், உண்மையில் மூடுவிழா. அட்டையில் மட்டும் ‘உள்ளே மகிழ்ச்சியான செய்தி’ என்ற பாவனையில் அறிவிப்பார்கள். வாசகன் உள்ளே பிரித்துப் பார்த்துத்தான் தன் இதழ் செத்துப்போனதைத் தெரிந்துகொள்வான். கதை நாயகர்களில் சிலர் புதிய இதழுக்குக் குடிபெயர்வார்கள், பலர் பாதி வழியில் இறக்கிவிடப்படுவார்கள்.

அங்கேயும் பண்டிகைதான் கொஞ்சம் கை கொடுத்தது. கிறிஸ்துமஸ் பரிசாகக் கொடுப்பதற்கென்று கெட்டி அட்டையில் ‘ஆண்டு மலர்’ போடுவது பிரிட்டிஷ் பதிப்பாளர்களின் வழக்கம். வார இதழ் நின்ற பிறகும் அதன் பெயரில் ஆண்டு மலர் வந்துகொண்டிருந்தது. ‘லயன்’, ‘வேலியன்ட்’ மலர்கள் 1980-களின் தொடக்கம் வரை வந்தன. தாத்தா பாட்டிகள் பெயரைப் பார்த்துப் பேரனுக்கு வாங்கினார்கள், பழைய நாயகர்கள் ஆண்டுக்கு ஒரு முறை தலைகாட்டினார்கள்.

இந்த இடத்தில் சிவகாசியின் பருவங்களைச் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் அந்த ஆண்டு மலரைப் போல இங்கே காமிக்ஸுக்குத் தீபாவளி மலர் போடுவதன் கஷ்டம் புரியாது. சென்னையில் விகடனோ கல்கியோ கலைமகளோ தீபாவளி மலர் போடுவது அவர்களுடைய ஆண்டின் உச்சம். அதற்கென்றே மாதக்கணக்கில் திட்டமிடுவார்கள். சிவகாசியில் தீபாவளி என்பது ஊரின் ஆண்டுக் கணக்கு முடியும் நாள். பட்டாசு ஆலைகள் ஆண்டெல்லாம் உருட்டி, திணித்து, காயவைத்து, அடுக்கியதெல்லாம் அந்த ஒரு நாளுக்காக. சம்பளத்தோடு போனஸ் கைக்கு வந்ததும் ஆலைகளுக்கு விடுமுறை. ஆனால் அச்சகங்களுக்கு ஓய்வு கிடையாது. ஆடிப் பதினெட்டில் காலண்டர் ஆல்பம் வெளியாகும். அன்றிலிருந்து பொங்கல் வரை காலண்டர் சீசன், கூடவே டைரி. தினசரிக் காலண்டர் தாள்கள் மலை மலையாகக் குவிந்திருக்கும் நேரத்தில், ‘சித்திரக்கதை மலர் போட வேண்டும், மெஷின் கொடுங்கள்’ என்று கேட்பவனைச் சிவகாசிக்காரர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். கோடை மலருக்கும் இதே கதி. ஏப்ரல் மே மாதம் பள்ளி நோட்டுகளின் சீசன். பையன்களுக்கு விடுமுறை வரும்போதெல்லாம் இயந்திரங்களுக்கு வேலை கழுத்து வரை இருக்கும். காமிக்ஸ் மலர்கள் சொன்ன தேதிக்கு வராமல் பிந்தியதற்கு எத்தனையோ காரணங்கள் இருந்திருக்கலாம். ஊரின் இந்தக் காலக்கணக்கும் அவற்றில் ஒன்று என்பது என் கணிப்பு.

வேலையும் சுலபமில்லை. வெளிநாட்டுப் பக்கத்தைப் பிலிம் எடுத்து, பேச்சுக் குமிழிகளில் இருக்கும் ஆங்கிலத்தை அழித்து, அதே இடத்துக்குள் தமிழை அடக்க வேண்டும். ஆங்கிலத்தில் நாலு சொல்லில் முடியும் வசனம் தமிழில் குமிழியை முட்டும். ஆகவே மொழிபெயர்த்தவர்கள் சுருக்கினார்கள். எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் கலந்த, வேகமான ஒரு காமிக்ஸ் தமிழ் அந்தக் குமிழியின் நெருக்கடியிலிருந்து பிறந்தது. பிறகு பாசிட்டிவ், பிளேட், மெஷின், மடிப்பு, பைண்டிங், கட்டிங். உள்ளே பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. அட்டைக்கு மட்டும் ஊரின் முழுத் திறமையும் செலவாகும். பக்கத்துக் கோவில்பட்டியில் கொண்டையராஜுவும் அவர் சீடர்களும் காலண்டர் சாமிப் படங்களால் இந்த வட்டாரத்தின் கண்ணைப் பழக்கியிருந்தார்கள். அந்தப் பளபளக்கும் சிவப்பும் மஞ்சளும் காமிக்ஸ் அட்டைகளிலும் ஏறின. லண்டனில் சாம்பல் நிறமாக இருந்த மாயாவி சிவகாசியில் வண்ணம் பூசிக்கொண்டு கடைக்குப் போனான்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் இந்தத் தொடருக்கு அர்த்தமில்லை. மாயாவியின் புத்தகங்கள் மதுரையிலும் கோவையிலும் பெட்டிக்கடைக் கம்பியில் தொங்கிய அதே ஆண்டுகளில், அவை அச்சான ஊரைச் சுற்றிய கிராமங்களில் அதே வயதுப் பிள்ளைகள் விடிவதற்கு முன் பஸ் ஏறித் தீப்பெட்டி ஆலைகளுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இந்தக் குழந்தைத் தொழிலாளர்கள் குறித்து வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10-ல் தீர்ப்புச் சொன்னது. வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதியில் கட்ட வேண்டும் என்றது. அந்த வழக்கில் சிவகாசியின் பெயர் நாடு முழுவதும் அடிபட்டது. சிறுவர் இலக்கியத்தின் தலைநகரம் என்று நாம் இந்த ஊரைப் பாராட்டும்போது, அதைப் படிக்க நேரமில்லாத சிறுவர்களும் இங்கேதான் இருந்தார்கள் என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1984-க்கு வருவோம். சௌந்திரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கியபோது அவருக்கு வயது பதினேழு. முதல் இதழ் ‘கத்தி முனையில் மாடஸ்டி’. அதே ஜூலை மாதம் தினத்தந்தி குழுமத்திலிருந்து ராணி காமிக்ஸ் ஜேம்ஸ் பாண்டோடு வந்தது. போட்டி கடுமை. லயனுக்குக் காலூன்றும் இடத்தைப் பிடித்துக் கொடுத்தவன் ஸ்பைடர். வலைத் துப்பாக்கியும் முதுகில் பறக்கும் கருவியுமாக, குற்றவாளிகளின் சக்கரவர்த்தி ஆவேன் என்று கிளம்பி, பிறகு குற்றவாளிகளையே வேட்டையாடுபவன். பிரிட்டனில் 1965-ல் டெட் கெவன் தொடங்கிவைத்த இந்தக் கதையை அடுத்து ஏற்று எழுதியவர் ஜெர்ரி சீகல், சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவர். அமெரிக்காவில் தன் படைப்பின் உரிமைக்காக வழக்காடித் தோற்று, வேலைக்காக லண்டன் இதழுக்கு எழுதியவர் அவர். விருதுநகர் மாவட்டத்துப் பையன் சூப்பர்மேனின் தகப்பனைத் தமிழில் படித்துக்கொண்டிருந்தான், பெயர் தெரியாமல்.

ஸ்பைடர் கதைகள் பிரிட்டனில் 1969-லேயே நின்றுவிட்டவை. மாயாவியும் ஆர்ச்சியும் எழுபதுகளில் முடிந்தவர்கள். ஆக, எண்பதுகளில் சிவகாசி அச்சிட்ட விஞ்ஞான நாயகர்கள் எல்லாருமே தங்கள் ஊரில் ஏற்கெனவே இல்லாமல் போனவர்கள். முடிந்த தொடரில் ஒரு பதிப்பாளருக்குப் பெரிய வசதி இருக்கிறது. மொத்தச் சரக்கும் முன்னால் கிடக்கும், எதை வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். அதிலும் மாயாவி, ஸ்பைடர், லாரன்ஸ்-டேவிட், ஜானி நீரோ போன்றவர்களுக்கு 1967, 68-ல் ஃபிளீட்வே நிறுவனம் ‘சூப்பர் லைப்ரரி’ என்று நூறு பக்கத்துக்கு மேல் முழுக்கதைகளாகவே வெளியிட்டிருந்தது. முன்கதை பின்கதை இல்லாமல் ஒரே மூச்சில் முடியும் அந்த வடிவம் தமிழ்ச் சித்திரக்கதைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை.

அதனால் என்ன ஆனது? மாயாவிக்குத் தமிழில் பிறப்பு உண்டு, முடிவு இல்லை. முதல் இதழில் ஆய்வுக்கூட வெடிப்பைப் படித்தவன், அடுத்து ‘உறைபனி மர்மம்’, ‘நாச அலைகள்’, ‘பாதாள நகரம்’, ‘கொரில்லா சாம்ராஜ்யம்’ என்று படித்துக்கொண்டே போவான். எது முந்தியது, எது பிந்தியது என்ற கேள்வியே அவனுக்கு எழவில்லை. கதைகள் தீர்ந்தபோது மறுபதிப்பு வந்தது. மறுபதிப்பும் தீர்ந்தபோது பழைய புத்தகக் கடைக்காரர் விலையை ஏற்றினார். ‘இத்துடன் மாயாவி விடைபெறுகிறார்’ என்று எந்தத் தீபாவளி மலரும் அறிவிக்கவில்லை. அறிவித்திருந்தால் வாசகர்கள் சும்மா விட்டிருக்கவும் மாட்டார்கள்.

முடிவுக்காகத் தமிழ் வாசகர்கள் காத்துக் கிடந்ததும் உண்டு. ஆனால் அது விஞ்ஞானக் கதைக்கு அல்ல. நினைவிழந்த மனிதன் ஒருவன் தன்னைத் தேடும் ‘இரத்தப் படலம்’ என்ற பெல்ஜியத் தொடரை லயன் பாகம் பாகமாக, பெரிய இடைவெளிகளோடு வெளியிட்டு வந்தது. அவன் யார் என்று தெரிந்துகொள்ள முடியாமலே பையன்கள் அப்பாக்கள் ஆனார்கள். கடைசியில் 2010-ல் பதினெட்டுப் பாகங்களையும் ஒரே தடித்த புத்தகமாகப் போட்டார்கள். முத்துவும் லயனும் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. 2012 ஜனவரியில் நூறு ரூபாய் விலையில் ‘கம்பேக் ஸ்பெஷல்’ வந்த பிறகுதான் நிலைமை சீரானது. தாள் மாறியது, உள்ளே வண்ணம் வந்தது, ஐரோப்பியக் கதைகள் வந்தன. ஏஜென்ட் வழியாகப் பெட்டிக்கடைக்குப் போன புத்தகம் சந்தாதாரர் வீட்டுக்குக் கூரியரில் போகத் தொடங்கியது.

விஞ்ஞான நாயகர்கள் தங்கள் இடத்தை இழந்தது இந்தக் காலத்தில்தான். தீபாவளி என்றால் டெக்ஸ் வில்லர் என்று ஆகிவிட்டது. 1948-ல் இத்தாலியில் பிறந்த மேற்கத்தியக் கௌபாய் அவர். ‘தலை வாங்கிக் குரங்கு’ மூலம் எண்பதுகளிலேயே தமிழுக்கு வந்தவர், இப்போது ‘தீபாவளி வித் டெக்ஸ்’ என்று ஆண்டுதோறும் தடிமனான சிறப்பிதழோடு வருகிறார். பட்டாசுக் கடைக்குப் போகிற கையோடு ரசிகர்கள் எதிர்பார்ப்பது குதிரையையும் துப்பாக்கியையும். எஃகுக் கையும், கோட்டை எந்திரமும், வலைத் துப்பாக்கியும் மறுபதிப்புப் பட்டியலுக்குப் போய்விட்டன. விடைபெறும் அத்தியாயம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால், பண்டிகை அட்டையிலிருந்து அவர்கள் இறங்கியதைத்தான் சொல்ல முடியும்.

இதில் வருத்தப்பட நிறைய இல்லை என்பது என் கருத்து. மாயாவிக் கதைகளைப் பெரியவனான பிறகு திரும்பப் படித்தால் பல இடங்களில் சிரிப்பு வரும். விஞ்ஞானம் அதில் ஊறுகாய் அளவுதான். வருத்தம் வேறு இடத்தில். ஐம்பது ஆண்டுகள் வெளிநாட்டு நாயகர்களை இவ்வளவு நேர்த்தியாக அச்சிட்ட ஊர், தனக்கென ஒரு விஞ்ஞான நாயகனை வரைந்து நிலைநிறுத்தவில்லை. ராக்கெட்டையும் ரசாயனத்தையும் அன்றாடம் கையாளும் மண் இது. ஓவியர்கள் இருந்தார்கள், அச்சு இருந்தது, வாசகர்கள் இருந்தார்கள். முடிந்துபோன சரக்கு எப்போதும் தயாராகக் கிடைத்ததால், புதிதாக ஒன்றை உண்டாக்க வேண்டிய நெருக்கடி வரவில்லை.

அயலார் இந்த நாயகர்களை வைத்துப் புதிதாகச் செய்து பார்த்திருக்கிறார்கள். நெதர்லாந்தில் பெர்ட் பஸ் என்ற ஓவியர் ஆர்ச்சிக்குப் புதுக் கதைகளே வரைந்தார். பிரிட்டனில் 2005-ல் ஆலன் மூர் கதைக்கரு கொடுக்க, அவர் மகள் லியா மூரும் ஜான் ரெப்பியனும் எழுதிய ‘ஆல்பியன்’ தொடரில், மறக்கப்பட்ட பழைய நாயகர்கள் எல்லாரும் அரசாங்கச் சிறையில் அடைபட்டுக் கிடப்பதாகக் கதை. மாயாவி, ஸ்பைடர், ஆர்ச்சி மூவரும் அதில் உண்டு. அங்கே சிறையில் கிடந்தவர்கள் அதே காலத்தில் இங்கே பழைய புத்தகக் கடைகளில் நல்ல விலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். 2018-க்குள் ரெபெல்லியன் நிறுவனம் அந்தப் பழைய பிரிட்டிஷ் காமிக்ஸ் கருவூலத்தின் உரிமையை வாங்கிவிட்டது. அங்கேயும் இப்போது மறுபதிப்புகள் வருகின்றன.

முத்து காமிக்ஸ் 2022-ல் ஐம்பது ஆண்டுகளைத் தாண்டியது. லயன் 2024-ல் நாற்பதைத் தொட்டது. இரண்டும் இன்றும் சிவகாசியிலிருந்துதான் வருகின்றன.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். எழுபதுகளின் முத்து இதழ்கள், எண்பதுகளின் கோடை மலர்கள், தீபாவளி மலர்கள் உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால், அட்டை போயிருந்தாலும் சரி, எடைக்குப் போட்டுவிடாதீர்கள். விற்க மனமில்லாமல் வைத்திருக்கவும் இடமில்லாமல் தவிப்பவர்கள், சென்னை தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தாரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

(தொடரும்)